ட்ரெய்லரின் பின்கேமரா படம் காட்டவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்படும் புதிய கார், பிக்கப் ட்ரக் எல்லாவற்றிலும் பின்கேமரா கட்டாயம். ஆனால் பின்னால் 28 அடி ட்ரெய்லரை (உள்ளே தங்கிப் பயணம் போகும் வகை) மாட்டிவிட்டால் அந்தக் கேமராவுக்குத் தெரிவது ட்ரெய்லரின் மூக்கு மட்டும்தான். ஒன்டாரியோவின் 401 நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சின்னக் காரைப் பக்கக் கண்ணாடியும் காட்டாது. இதற்காகத்தான் ட்ரெய்லரின் பின்சுவர் உச்சியில் தனியாக ஒரு கேமரா வைக்கிறோம்; அதன் படம் ட்ரக்குக்குள் வைத்த ஒரு சின்னத் திரையில் தெரியும்.

கனடாவின் ஒன்டாரியோவில், மே மாதம் வரும் விக்டோரியா தின விடுமுறைக்கு முந்தைய இரண்டு வாரம் என் வீட்டு வாசலில் ஏதாவது ஒரு ட்ரெய்லர் நிற்கும். நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். "கேமரா போய்விட்டது, புதிதாக எது வாங்கலாம்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் கேமரா நன்றாக இருக்கும். கரண்ட் வந்திருக்காது, அல்லது எர்த் (கரண்ட் திரும்பிப் போகும் வழி) பிடித்திருக்காது. ஆகவே புதுக் கேமராவுக்குப் பணம் கொடுக்குமுன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

தேவைப்படுபவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், வயர் உரிக்கும் கட்டர், அலாரம் பெட்டிகளில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்று, அதோடு 2 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த இரண்டு வயர். உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லது. ஏணியில் நிற்பவரே ட்ரக்கில் விளக்கையும் போட முடியாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். கேமராவின் சிவப்பு, கறுப்பு வயர்களை ட்ரெய்லரிலிருந்து பிரித்து, சின்ன பேட்டரியில் நேரடியாகக் கொடுங்கள். எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை முதலில் கேமராவின் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். படம் வந்தால் கேமரா, திரை இரண்டும் நல்லவை; கோளாறு ட்ரெய்லர் வயரிங்கில் இருக்கிறது. வராவிட்டால் வயரிங்கைத் தொட வேண்டாம், கேமராவையும் திரையையும் பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு முழு சனிக்கிழமையைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

## திரையே எரியவில்லை

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போனை சார்ஜ் போட்டுப் பாருங்கள். அது ஏறவில்லை என்றால் ட்ரக்கின் ஃபியூஸ். ஏறினால் திரையின் பிளக்கைப் பாருங்கள்: பல பிளக்குகளின் முனையைத் திருகினால் உள்ளே ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், அது போயிருக்கலாம். அதுவும் சரியென்றால் திரையை மாற்ற வேண்டியதுதான்.

## திரை எரிகிறது, "சிக்னல் இல்லை" என்கிறது

### வெயிலில் இல்லை. சுரங்கப் பாதைக்குள் போனால் வருகிறது

இது பழுதே இல்லை. ட்ரெய்லரின் பின்சுவர் உச்சியில் நடுவில் மூன்று சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கும். 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள ட்ரெய்லர்களுக்கு அவை கட்டாயம். கேமராவுக்கென்று தயாராக வரும் ட்ரெய்லர்களில் பெரும்பாலும் கரண்டை அந்த விளக்கு வயரிலிருந்துதான் எடுத்திருப்பார்கள். ட்ரக்கின் ஹெட்லைட் 'ஆட்டோ'வில் இருந்தால் பல ட்ரக்குகளில் பகலில் பின்விளக்கு அணைந்திருக்கும். முன்னால் எரியும் பகல் விளக்கைப் பார்த்து எல்லாம் எரிகிறது என்று நினைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டைக் கையால் போட்டுவிட்டு ஓட்டுங்கள். ட்ரெய்லர் இழுக்கும்போது விளக்கு எரிவது எப்படியும் நல்லதுதான்.

### ஹெட்லைட் போட்டும் வரவில்லை

இறங்கிப் போய் அந்த மூன்று சிவப்பு விளக்குகளைப் பாருங்கள்.

ஒன்றும் எரியவில்லை, பக்க விளக்குகளும் எரியவில்லை என்றால் கோளாறு முன்னால். பல பிக்கப்களில் ட்ரெய்லரின் பார்க்கிங் விளக்குக்கென்று தனி ஃபியூஸ் உண்டு. ட்ரக்கின் சொந்த விளக்கு எரிவதை வைத்து அதை முடிவு கட்ட முடியாது. ஃபியூஸ் நன்றாக இருந்தால், ட்ரெய்லர் வயரிங்கை ட்ரக்கோடு இணைக்கும் ஏழு முனை பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு போடுகிறார்கள். ட்ரக்கின் பம்பருக்குக் கீழே இருக்கும் சாக்கெட் அந்த உப்புத் தண்ணீரிலேயே நான்கு மாதம் ஊறுகிறது. பித்தளைத் தகடுகளில் பச்சையாகப் பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷால் தேய்த்து, காயவிட்டு, ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். தகடு தேய்ந்து மெலிந்திருந்தால் பிளக்கையே மாற்றிவிடுங்கள். விலை குறைவு.

பிளக் மாற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். ட்ரெய்லர் உலகில் இரண்டு நிற வழக்கம் உண்டு. ஒன்றில் பழுப்பு வயர் பின்விளக்கு. இன்னொன்றில் அதே பழுப்பு வலப்பக்க இண்டிகேட்டர், பின்விளக்குக்குப் பச்சை. வெள்ளை எர்த், நீலம் எலெக்ட்ரிக் பிரேக் என்பவை இரண்டிலும் ஒன்றுதான். மற்றதை டெஸ்ட் லேம்ப் வைத்து, ட்ரக்கில் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, எந்த முனையில் எது வருகிறது என்று எழுதிவைத்துக்கொண்டு இணையுங்கள்.

சிவப்பு விளக்கு மூன்றும் நன்றாக எரிகின்றன, கேமரா மட்டும் இல்லை என்றால் கோளாறு அந்த விளக்குக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள ஓரடி தூரத்தில். பெரும்பாலும் வயரை உரிக்காமல் கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்தான் காரணம். அது உள்ளிருக்கும் செப்பு இழைகளில் பாதியை வெட்டிவிடும். மீதிப் பாதி இரண்டு பருவம் அதிர்ந்து அறுந்துபோகும். அந்தக் கிளிப்பை வெட்டியெறிந்துவிட்டு, சூடுபட்டால் சுருங்கி உள்ளே பசை உருகும் கிரிம்ப் கனெக்டர் போடுங்கள். வெறும் கறுப்பு டேப் வெயிலில் பிசுபிசுத்து உரிந்துவிடும்.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, கேமரா மட்டும் எழவில்லை என்று சிலர் குழம்புவார்கள். ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். 1156 என்று எண் போட்ட பழைய காலத்து பல்ப் ஒன்று சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். விளக்கு வயரின் ஃபியூஸ் தாங்கும் என்று பார்த்துக்கொண்டு அதைக் கேமரா வயர்களில் கொடுங்கள். வோல்ட் 12லிருந்து 7, 8 என்று சரிந்தால் வழியில் எங்கோ ஒரு மோசமான இணைப்பு இருக்கிறது.

இதற்காகத் தடித்த வயர் வாங்கி நீளம் முழுவதும் புதிதாக இழுக்க வேண்டியதில்லை. 18 கேஜ் வயர் 30 அடி போய் 30 அடி திரும்பினாலும் 0.4 ஓம் கூட வராது. கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.2 வோல்ட். வயர் குற்றவாளி இல்லை, இணைப்புகள்தான்.

### வீட்டில் வருகிறது, ரோட்டில் வரவில்லை

உங்கள் கேமராவுக்கு ட்ரெய்லரின் உள் வயரிங்கிலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் பிளக் போட்டிருக்கும்போது, வீட்டுக் கரண்டை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் 12 வோல்ட் கொடுக்கிறது. பிளக்கைப் பிடுங்கியதும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். பேட்டரி டிஸ்கனெக்ட் ஸ்விட்சை அணைத்தபடியே கிளம்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்தது பேட்டரி முனைகளின் இறுக்கம், பிறகு பேட்டரியின் வயது.

ஏழு முனை பிளக்கில் ட்ரெய்லர் பேட்டரியை சார்ஜ் செய்யும் முனையை நம்பிக் கேமரா வைத்தவர்கள் வேறொன்றையும் பார்க்க வேண்டும்: சில ட்ரக்குகளில் அந்த முனைக்கான ஃபியூஸைப் பொருத்தாமலே விற்பார்கள், கரண்ட் வராது, சிலவற்றில் இன்ஜின் ஓடினால்தான் கரண்ட் வரும்.

## இண்டிகேட்டர் போட்டால், பிரேக் அடித்தால் படம் அணைந்து எரிகிறது

இந்த அறிகுறியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எர்த் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளை வயரில் திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், ட்ரெய்லரை ட்ரக்கோடு மாட்டும் ஹிட்ச் பந்து வழியாகவும், மற்ற விளக்குகள் வழியாகவும் திரும்பப் பார்க்கிறது. ட்ரெய்லரின் எலெக்ட்ரிக் பிரேக்கும் அதே வெள்ளை வயரைத்தான் நம்பியிருக்கிறது. இன்றைக்குப் படம் துடிக்கிறது. நாளைக்கு இறக்கத்தில் ட்ரெய்லர் பிரேக் பிடிக்காமல் போகலாம். கேமரா நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று நினைத்து, அன்றே சரிசெய்யுங்கள்.

மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கேமராவின் கறுப்பு வயரிலும், மற்றதை நீள வயர் கொண்டு ட்ரெய்லர் பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் போடச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் தாண்டினால் எர்த் சரியில்லை. தாண்டவில்லை என்றால் அடுத்து பேட்டரி மைனஸுக்கும் ட்ரக்கின் சேஸிஸுக்கும் இடையே அதே போல் பாருங்கள்; அங்கே ஏறினால் கோளாறு பிளக் பக்கம்.

பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக: ஏழு முனை பிளக்கின் வெள்ளை முனை, ட்ரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் நாக்குப் பகுதியில் எர்த் வயர்களைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிய போல்ட், அதன் பக்கத்து இணைப்புப் பெட்டி, கடைசியில் கேமராவின் சொந்த எர்த். போல்ட்டைக் கழற்றி, துருவும் பெயிண்டும் போக வெள்ளி தெரியும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

கேமராவின் எர்த்தை அலுமினியத் தகட்டில் ஒரு திருகு போட்டு முடித்திருந்தால் அதுதான் காரணம். வெளிச்சுவர் அலுமினியம் அடியில் உள்ள இரும்புச் சட்டத்தோடு உறுதியாக இணைந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபைபர் சுவரில் கேட்கவே வேண்டாம். விளக்குக்கு வரும் வெள்ளை வயரிலேயே சேருங்கள்.

நீல வயரில் எதையும் சேர்க்காதீர்கள். ட்ரெய்லர் கழன்றால் தானே பிரேக் போடும் பிரேக்அவே ஸ்விட்சின் வயரிலும் கை வைக்காதீர்கள். யாராவது ஏற்கெனவே அங்கிருந்து கேமராவுக்குக் கரண்ட் எடுத்திருந்தால், அல்லது மேலே சொன்ன நான்கு இடங்களையும் சுத்தம் செய்தும் 1 வோல்ட் குறையவில்லை என்றால், ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். ட்ரெய்லர் பிரேக் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு போங்கள்.

## நிற்கும்போது நன்றாக இருக்கிறது, ஓடும்போது படம் உறைகிறது

வயர்லெஸ் கேமராக்களின் தலையாய புகார் இதுதான். முதலில் கரண்டா, சிக்னலா என்று பிரியுங்கள். திரை கறுத்து, கேமரா மறுபடி எழுந்து வந்தால் கரண்ட். மேலே போய் எர்த் பகுதியைப் பாருங்கள். கடைசிப் படம் அப்படியே உறைந்து நின்றால் சிக்னல்.

திரையைக் கழற்றிக்கொண்டு, 12 வோல்ட் சாக்கெட் உள்ள ஜம்ப் பேக்கில் (கையில் தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) மாட்டி, கேமராவுக்குப் பத்தடி பின்னால் நின்று பாருங்கள். இன்ஜினையும் ஹெட்லைட்டையும் போட்டே வையுங்கள். அங்கே ஐந்து நிமிடம் உறையாமல் ஓடினால் கேமரா நல்லது. இடையில் இருக்கும் ட்ரெய்லர்தான் சிக்னலை மறைக்கிறது. 30 அடி ட்ரெய்லர், அதற்கு முன்னால் ட்ரக், ஆக 45 அடிக்குமேல் போக வேண்டும். வழியில் அலுமினியத் தகடு, படலம் ஒட்டிய இன்சுலேஷன், ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி.

செலவில்லாத மாற்றங்கள் முதலில். ஆன்டெனாவை நிமிர்த்தி வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே திசையில். திரையை டாஷ்போர்டில் தாழ வைத்திருந்தால் பின் கண்ணாடி தெரியும் உயரத்துக்கு ஏற்றுங்கள். இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை. போனின் ஹாட்ஸ்பாட், டாஷ்கேமின் வைஃபை, ட்ரெய்லருக்குள் இருக்கும் ரவுட்டர் எல்லாம் அதே இடத்தில்தான் நெரிசலிடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிறகு கேமராவை மறுபடி ஜோடி சேருங்கள்: கேமராவுக்குக் கரண்ட் கொடுத்த உடனேயே திரையின் மெனுவில் ஜோடி சேர்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும், தாமதித்தால் பல கேமராக்கள் கேட்காது.

அதற்கும் மசியவில்லை என்றால் ஆன்டெனாவைக் கழற்றி மாட்டும் வகையா என்று பாருங்கள். அந்த வகையென்றால் நீட்டிப்புக் கேபிளால் ஆன்டெனாவைக் கூரை விளிம்புக்கு மேலே கொண்டுவரலாம். ட்ரெய்லரின் முன்முனை வரை இழுத்துவிடலாம் என்று ஆசை வரும்; அந்த நீளத்துக்கு மெல்லிய கேபிளே சிக்னலைத் தின்றுவிடும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் அந்தக் கேமராவுக்கென்று விற்பனையில் இருந்தால் அதுவே மேல்.

என் கருத்தைக் கேட்டால், 30 அடிக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு வயர் கேமரா போடுங்கள். ஒருநாள் உடம்பு வளைய வேலை, பிறகு நிம்மதி. கேபிளை அடிச்சட்டத்தின் ஓரமாக நெளிகுழாய்க்குள் கொண்டுபோய் இரண்டடிக்கு ஒரு கிளிப் போடுங்கள். அடியில் புரொப்பேன் குழாயும் அதே வழியில்தான் போகும். வசதியாக இருக்கிறதே என்று அதில் கேபிளைக் கட்டாதீர்கள், அதன் பக்கத்தில் துளையும் போடாதீர்கள். ட்ரக்குக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே சுருள் கேபிளைத் திருப்பத்தில் இழுபடாத அளவுக்கு விட்டு, தரையில் உரசாமல் சங்கிலிக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். கழற்றிய பிறகு இரு முனைக்கும் மூடி போடுவதை மறந்தால் அடுத்த வசந்தத்தில் பச்சை பூத்த முனைகளோடு மறுபடி மல்லாட வேண்டும்.

## படத்தில் கோடு ஓடுகிறது, வெளிச்சம் துடிக்கிறது

புதிய ட்ரக் வாங்கிய பிறகு இது ஆரம்பித்ததா? சில ட்ரக்குகள் பின்விளக்குக்கான கரண்டை நேராகக் கொடுக்காமல் வேகமாக அணைத்து எரியும் துடிப்பாக அனுப்பும். பல்புக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மீட்டர் வழக்கத்துக்குக் குறைவாக 9, 10 வோல்ட் என்று காட்டும். சின்ன பேட்டரியில் கொடுத்தால் படம் சுத்தமாக வரும். சாதாரண ரிலே போட்டால் கடகடவென்று அடித்துக்கொள்ளும், அது தீர்வாகாது. ட்ரெய்லர் பேட்டரியிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸோடு ஒரு ஸ்விட்ச் வைத்துத் தனி வயர் இழுத்துவிடுங்கள்.

## படம் இடவலம் மாறி வருகிறது, உருளுகிறது, கறுப்பு வெள்ளையாக இருக்கிறது

இடவலம் என்றால் கேமரா கேபிளில் சின்ன வளையமாக விட்டிருக்கும் வயரைத் தேடுங்கள், பல மாடல்களில் அதை வெட்டினால் மாறும். வழிகாட்டும் கோட்டுக்கும் இன்னொரு வளையம் இருக்கும், ஆகவே கையேட்டைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். உருளும் படமும் கறுப்பு வெள்ளையும் கேமராவும் திரையும் வேறு வேறு வீடியோ வகை என்பதைக் காட்டும்: வட அமெரிக்காவில் வழக்கம் என்டிஎஸ்சி, பிற நாட்டுக் கேமரா பிஏஎல் ஆக இருக்கலாம். ஏஎச்டி என்ற உயர்தெளிவு வகைக் கேமராவைப் பழைய திரையில் மாட்டினாலும் படம் வராது. திரையின் மெனுவில் மாற்ற முடியாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

## பகலில் மங்கல், இரவில் வெறும் வெள்ளை

கண்ணாடியைத் துடைத்தால் தெளிகிறதா பாருங்கள். உள்பக்கம் பனி படிந்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. வெயிலில் காய்ந்தாலும் மறுபடி வரும். கேமராவை மாற்றுங்கள், கேபிளைச் சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மாட்டுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டட்டும். இரவில் மட்டும் வெள்ளை என்றால் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு அதன் மேல்மூடியிலோ, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையிலோ பட்டுத் திரும்புகிறது. மூடியை ஓர் அங்குலம் பின்னால் தள்ளுங்கள்.

## ஒரு வாரம் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

தனி வயர் இழுத்தவர்கள் ஸ்விட்சை அணைக்க மறக்கும்போது வருவது. கேமரா 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல். 80 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம். ஐந்தாறு நாளில் முடிந்துவிடும். கேஸ் டிடெக்டரும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது, அது நிற்கக் கூடாது. ஸ்விட்சோடு சின்ன சிவப்பு விளக்கு உள்ள வகையாக வாங்கி, கதவருகே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

## ஃபியூஸ் மறுபடி மறுபடி போகிறது

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். கேமராவைப் பிரித்துவிட்டும் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் கேமரா அல்லது அதன் கேபிள். போனால் வயர் எங்கோ உலோக விளிம்பில் உரசித் தோல் கிழிந்திருக்கிறது. வெளியே தெரியும் இடங்களையும் அடிப்பகுதியையும் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ட்ரெய்லர் சுவருக்குள் 12 வோல்ட் வயரும் 120 வோல்ட் வயரும் ஓடுகின்றன. 120ல் கறுப்பு ஃபேஸ். 12 வோல்ட்டில் கறுப்பு பிளஸாகவும் வரும், மைனஸாகவும் வரும். நிறத்தை வைத்துத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. சுவரைத் திறக்க வேண்டிய வேலை எலெக்ட்ரீஷியனுக்கு உரியது. நீங்கள் எந்தத் துளை போடுவதாக இருந்தாலும் வெளியிலிருந்து வரும் 120 வோல்ட் பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான்.

## கேமரா வேலை செய்கிறது, ஆனால் அதன் கீழே சுவர் மெத்தென்று இருக்கிறது

இதைப் பற்றி யாரும் கேட்டு வருவதில்லை. நானே ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். எத்தனை நல்ல ட்ரெய்லர்கள் ஒரு கேமராத் துளையால் வீணாயின என்பதைப் பார்த்திருக்கிறேன். பின்சுவர் பெரும்பாலும் மெல்லிய ஃபைபர் தோல், அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், நடுவே ஃபோம். திருகுத் துளையில் இறங்கும் தண்ணீர் பிளைவுட்டை ஊறவைக்கும். பசை விட்டு ஃபைபர் கொப்புளமாக எழும்.

கேமராவைச் சுற்றி ஓர் அடி, கீழே பம்பர் வரை, உள்பக்கம் அலமாரிக்குள், மூன்று இடத்திலும் அழுத்துங்கள். பொம்மென்று உள்ளே போனால், பூஞ்சை வாடை வந்தால், உள்சுவரில் பழுப்புக் கறை இருந்தால் ஊறியிருக்கிறது. உறுதியாக இருந்தால் கேமராத் தகட்டைக் கழற்றி, பழைய சிலிக்கோனைச் சுரண்டி எடுங்கள். அதன் மிச்சத்தின் மேல் புதுப் பூச்சு ஒட்டாது. கூரை ரப்பராக இருந்தால் பெட்ரோலியக் கரைப்பான் எதுவும் அதில் படக் கூடாது. தகட்டின் பின்னால் பியூட்டைல் டேப் (மெத்தென்ற ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்துத் திருகி, பிதுங்கியதை வெட்டி, மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மட்டும் ட்ரெய்லர் சீலன்ட் இழுங்கள். அடிவிளிம்பைத் திறந்தே விடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற அதுதான் வழி.

சுவர் ஏற்கெனவே மெத்தென்று ஆகியிருந்தால் மேலே சீலன்ட் பூசுவது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். துளையின் மேல் தார்ப்பாயை இறுகக் கட்டி, உள்ளே டீஹியூமிடிஃபையர் ஓடவிட்டு, ஈரமானி வைத்திருக்கும் ட்ரெய்லர் டெக்னீஷியனை அந்த வாரமே கூப்பிடுங்கள். ஒரு சதுர அடிக்குள் இருக்கும்போது வெட்டி ஒட்டிவிடலாம். பம்பர் வரை இறங்கிவிட்டால் பின்சுவர் முழுதும் பிரிக்க வேண்டும். கேமராவை மறுபடி மாட்டுவது சுவர் முழுதாகக் காய்ந்ததை ஈரமானி காட்டிய பிறகு.